கோயிற்பற்றும் குடிவழியும்: யாழ்ப்பாணத்துக் குடும்ப வரலாற்றுச் சான்றுகள்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதியொன்றை எடுத்து வாசிப்பவர், அக்காணியின் பெயரையும் பரப்பையும் எல்லைகளையும் காணுமுன்னரே, அஃது இன்ன கோயிற்பற்றில் உள்ளது என்னும் தொடரைக் காண்பர். வட்டுக்கோட்டைக் கோயிற்பற்று, தெல்லிப்பழைக் கோயிற்பற்று, பண்டத்தரிப்புக் கோயிற்பற்று என்றிவ்வாறு வரும் அத்தொடரிலுள்ள கோயில் யாது? சிவன் கோயிலன்று; பிள்ளையார் கோயிலுமன்று. போர்த்துக்கேயர் கட்டுவித்து, ஒல்லாந்தர் தமதாக்கிக்கொண்ட கிறிஸ்தவ தேவாலயமே அது. அத்தேவாலயங்களுட் பல இடிந்து மண்ணாயின. அவற்றிற்குச் சென்று வணங்கிய கூட்டமும் கலைந்தது. ஆயினும், நெற்றி நிறைய நீறு பூசிய சைவரொருவர் தம் மகளுக்குச் சீதனம் எழுதுவிக்கும்போது, நொத்தாரிசின் பேனா அத்தேவாலயத்தின் பற்றினைக் குறியாமல் அப்பாற் செல்வதில்லை.

குடும்ப வரலாறு ஆராயப்புகுவார்க்கு இச்சிறு தொடர் பெரியதொரு வழிகாட்டியாகும். தம் முன்னோரை எழுத்துச் சான்றுகொண்டு அறிய விரும்பும் சைவர், சைவர் எழுதிவைத்த ஏடுகளில் மட்டும் தேடுவாராயின் மூன்று நான்கு தலைமுறைக்கு அப்பாற் செல்லுதல் அரிது. அதற்கு மேற்பட்ட பெயர்கள் தேவாலய இடாப்புகளிலும், நீதிமன்றக் கோவைகளிலும், செய்தித்தாட்களின் விளம்பரப் பத்திகளிலுமே கிடக்கின்றன. இவற்றுள் எதுவும் குடிவழி உரைக்கும் நோக்கத்துடன் எழுந்ததன்று. ஒன்று திருச்சபையின் ஆட்சிக்காக எழுதப்பட்டது. மற்றொன்று சொத்தைப் பங்கிடற்பொருட்டு எழுதப்பட்டது. பிறிதொன்று சட்டத்தின் கட்டளையை நிறைவேற்றுதற்காக அச்சாயிற்று. எழுதினோர் எதன்பொருட்டு எழுதினர் என்று வினவாது, பெயர்களை மட்டும் பொறுக்கிக் கோப்பவர் கோத்த மாலை அழகாயிருக்கும், உண்மையாயிராது.

குடும்பங்களில் வழங்கும் கேள்வி மரபு இவற்றின் வேறானது. ஒல்லாந்தர் காலத்தில் மாதகல் மயில்வாகனப்புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை, தமிழகத்தினின்றும் வந்து குடியேறிய பிரபுக்கள் பலரின் பெயர்களையும், அவர்கள் இருத்தப்பட்ட ஊர்களையும் கூறுகின்றது. தம் ஊரின் பெயர் அதில் வரக்கண்ட குடும்பங்கள் பல, அவ்வூர்ப் பிரபுவையே தம் மூதாதையாகக் கொண்டு மகிழ்ந்தன. நூலிற் கூறப்பட்ட பிரபுவுக்கும் வீட்டிலுள்ளோர் பெயரறிந்த பூட்டனுக்கும் இடையே கிடக்கும் சில நூற்றாண்டுகளை நிரப்புவார் இலர். பண்டைய யாழ்ப்பாணம் பற்றி 1926ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் நூலெழுதிய முதலியார் இராசநாயகமும், 1928ஆம் ஆண்டு யாழ்ப்பாண வைபவ விமரிசனம் வெளியிட்ட சுவாமி ஞானப்பிரகாசரும் வைபவமாலையின் காலக்கணக்கைத் திருத்தவேண்டியவராயினர் என்பதை நோக்குமிடத்து, அந்நூலை ஆதாரமாகக்கொண்டு ஒரு தனிக் குடும்பத்தின் தலைமுறைகளை எண்ணுதல் எத்துணை இடர்ப்பாடுடையது என்பது போதரும். கேள்வி மரபைத் தள்ளிவிடவேண்டுமென்பது கருத்தன்று. அது தேடவேண்டிய ஊரைக் காட்டும், அவ்வளவிற் பயனுடையது.

இனித் தேவாலய ஏடுகளை நோக்குவாம். 1619ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் அவர்களை அகற்றிக் கோட்டையைக் கைக்கொண்டனர். கத்தோலிக்க ஆலயங்கள் புரட்டஸ்தாந்து ஆலயங்களாயின. ஞானஸ்நானம் பெறாதவர்க்கு அரசாங்க உத்தியோகம் கிட்டாது. திருச்சபை முறைப்படி நிகழ்ந்து பதிவாகாத விவாகம் சட்டத்தின் கண்ணில் விவாகமாகாது. அங்ஙனம் பதிவாகாத விவாகத்திற் பிறந்த பிள்ளையின் முதுசொத்துரிமை ஐயத்துக்கிடமாகும். ஆகவே, காணி பூமியுடைய குடும்பத்தலைவர் ஒவ்வொருவரும் தம் பிள்ளைகளின் பெயரைத் தேவாலய ஏட்டில் ஏற்றுவித்தலில் அக்கறையுடையவராயிருந்தனர்.

ஏட்டை எழுதியவர் பாதிரியாரல்லர். பாதிரிமார் மிகச் சிலரே, கோயிற்பற்றுகளோ பல. தேவாலயத்தோடிணைந்த பாடசாலையின் உபாத்தியாயரே பிள்ளைகளுக்கு எழுத்தும் செபமும் கற்பித்ததோடு, பாடசாலைத் தோம்பு என்னும் இடாப்பையும் வைத்திருந்தார். தோம்பு என்பது போர்த்துக்கேயச் சொல்வழி வந்தது. குடும்பம் குடும்பமாக ஊரவர் பெயர், பிறந்த பிள்ளை, ஞானஸ்நானம், விவாகம், மரணம் என்பன அதில் இடம்பெற்றன. இதனோடு காணிகளையும் குடிகளையும் பதிந்த அரசாங்கத் தோம்புகளும் இருந்தன. காணி விற்பனையுங்கூடத் தேவாலயத்தின் வாயிலாகவே நிகழ்ந்தது. விற்க எண்ணிய காணியை, ஊரவர் செல்லும் தேவாலயத்தில் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அறிவித்த பின்னரே விற்கலாம் என்பதைத் தேசவழமைச் சட்டக்கோவையிலே காணலாம். உறவினரும் பங்காளரும் அயற்காணிக்காரரும் தமக்குரிய முன்வாங்கும் உரிமையைக் கோருதற்கு அந்த மூன்று ஞாயிறும் தவணையாயின. (உபாத்தியாயர் ஒருவரின் எழுத்தாணிக்குள் ஊரின் மணமும் காணியும் அடங்கியிருந்த காலம் அது. அவர் பெற்ற ஊதியம் இக்காலத்தார் பொறாமைகொள்ளத்தக்கதாயிருந்திராது.)

அத்தேசவழமைக் கோவையே இவ்விடத்து நல்லதொரு சான்றாகின்றது. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர், தேசாதிபதி சீமோன்ஸின் கட்டளைப்படி 1707ஆம் ஆண்டு இந்நாட்டு வழமைகளைத் திரட்டி எழுதினார். அது தமிழிற் பெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பெற்றது. அவர்கள் ஆராய்ந்து அதனை ஒப்புக்கொண்டனர். தமிழர் வழமையை உறுதிப்படுத்திய அப்பன்னிருவருட் பலருடைய பெயர் 'தொன்' என்னும் போர்த்துக்கேய அடைமொழியோடும் கிறிஸ்தவப் பெயரோடும் தொடங்கி, தமிழ்ப் பெயரில் முடிகின்றது. ஒருவருக்கே இரு பெயர். தேவாலயத்துக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று. தோம்பில் முன்னோரைத் தேடுபவர் முதலில் அறியவேண்டுவது இதுவே. ஊரிலே சைவப் பெயரால் அழைக்கப்பட்டவர், ஏட்டிலே பிலிப்பு என்றோ பிரான்சிஸ்கு என்றோ எழுதப்பட்டிருப்பர். ஏட்டிற் பிலிப்பு எனக் கண்டவுடன், இவர் நம்மவரல்லர் எனத் தள்ளிவிடுதல் தவறு.

இவ்வுண்மை சைவ அபிமானிகள் சிலருக்குக் கசப்பாயிருக்கலாம். விரதநாளில் இலையில் உண்டபின், பறங்கியர் கண்ணிற் படாதபடி அவ்விலையைக் கூரையிற் செருகி மறைத்த கதையை மூதாட்டியர் வாயிலாகக் கேட்டு வளர்ந்த சமூகம் இது. அதே வீட்டார் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நின்றதையும், பிள்ளையை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுசென்றதையும் அக்கதை சொல்வதில்லை. ஏடு இதனைச் சொல்கின்றது. அது இலையைச் சொல்வதில்லை. இரண்டும் ஒரே குடும்பத்தின் வரலாறு. முன்னோரைப் போலிகள் என இகழ்வதும், அவர்கள் பெயர் ஏட்டில் இல்லவே இல்லை எனச் சாதிப்பதும் ஆராய்ச்சியாகா. ஏட்டின்படி எத்தனைபேர் கிறிஸ்தவர் என்பதற்கும் உள்ளத்தால் எத்தனைபேர் கிறிஸ்தவர் என்பதற்கும் இருந்த இடைவெளி, ஆங்கிலேயர் 1795ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைக் கைக்கொண்டு கட்டாயத்தைத் தளர்த்தியவுடனே வெளிப்பட்டது. 1802ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத் தமிழருள் 136,000 பேர் புரட்டஸ்தாந்தர் எனக் கணக்கிடப்பட்டதாக, 1850ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் எமேர்சன் தெனன்ற் எழுதுகின்றார். சில ஆண்டுகளுள் அத்தொகை ஏட்டளவிற்கூட நிலைக்கவில்லை. அரசு போனது, ஏட்டுக் கிறிஸ்தவமும் உடன்போனது. ஊர்க் கோயில்கள் மீண்டும் எழுந்தன.

கட்டாயம் அகன்றதோடு பதிவும் தளர்ந்தது. பிறப்பு இறப்புகளை அரசாங்கமே பதியும் முறை 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே நாட்டில் நிலைபெற்றது. இடைப்பட்ட எழுபது ஆண்டளவில் வாழ்ந்து மடிந்த சைவர்க்குப் பிறப்புப் பதிவும் இல்லை. இறப்புப் பதிவும் இல்லை. இவ்விடைவெளியை நிரப்புவன காணி உறுதிகளேயாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம், காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் எழுத்தில் முடிக்கப்படாவிடின் செல்லாது என விதித்தது. அதன்பின் யாழ்ப்பாணத்தவர் எழுதுவித்த உறுதிகளுக்கு ஓர் அளவில்லை. ஒன்றரைப் பரப்புக் காணியின் எட்டிலொரு பங்குக்கும் உறுதி முடித்த நாடு இது. அவ்வுறுதிகளை வழக்கறிஞர் வெறுக்கலாம். வரலாறு எழுதுவோர் வாழ்த்தக் கடவர்.

உறுதிகளுள்ளும் தலையாயது சீதன உறுதி. தந்தைவழி வந்த சொத்தை முதுசொம் என்றும், பெண்ணுக்குக் கொடுத்ததைச் சீதனம் என்றும், மணவாழ்விற் சம்பாதித்ததைத் தேடியதேட்டம் என்றும் தேசவழமை பிரித்தது. இச்சொத்து இன்னாருக்கு எவ்வழியால் வந்தது என்பதை உறுதி கூறியே ஆகவேண்டும். 'என் தாயாருக்கு அவர் தாயார் சீதனமாகக் கொடுத்து, அவர் எனக்குச் சீதனமாகத் தந்து, யான் ஆண்டனுபவித்து வரும்' என்னும் பாங்கில் அமையும் ஒரு வாக்கியத்திலே மூன்று தலைமுறைப் பெண்கள் நிற்பர். கேள்வி மரபு ஆண்வழியையே பேசும். எந்தப் பிரபுவின் பரம்பரை என்றால், தந்தையின் தந்தையின் தந்தை என்றே எண்ணும். காகிதமோ தாய்வழியை நன்கு பேணியிருக்கின்றது. காரணம் மதிப்பன்று, மண். எல்லை விவரமும் இவ்வாறே உதவும். கிழக்கெல்லை இன்னாருடைய காணி, தெற்கெல்லை இன்னாருடைய காணி எனக் குறிக்கப்படுவோர், முன்னொரு காலத்தில் ஒரே வளவைப் பங்கிட்டுக்கொண்ட உடன்பிறந்தாரின் வழித்தோன்றல்களாதல் பெரும்பான்மை. எல்லைகளை ஒரு தாளில் வரைந்து பொருத்திப் பார்ப்பவர்க்கு, உடைந்த பானையின் ஓடுகள் ஒன்றுசேர்வதுபோலப் பழைய குடும்பம் உருப்பெறக் காணலாம்.

இவ்விடத்துப் பெயர்பற்றி எச்சரிக்கை வேண்டும். குடும்பப் பெயர் என்பதொன்று தமிழர்க்கில்லை. தந்தை பெயரே முன்னிற்கும். பாட்டன் பெயரைப் பேரனுக்கிடுதல் வழக்கம். பெயரன் என்னும் சொல்லே அதனைக் காட்டுகின்றது. ஆதலாற் கந்தர் மகன் வேலர், வேலர் மகன் கந்தர், அவர் மகன் மீண்டும் வேலர் என்றிவ்வாறு இரு பெயர்களே மாறிமாறி நூறாண்டு ஓடும். 1845ஆம் ஆண்டு உறுதியிலுள்ள கந்தர் வேலரும், 1900ஆம் ஆண்டு உறுதியிலுள்ள கந்தர் வேலரும் ஒருவரென மயங்கி, பாட்டனையும் பேரனையும் ஓராளாக்கி இரண்டு தலைமுறையை விழுங்கிவிடுதல் எளிது. மனைவியின் பெயரைப் பார்த்தலே இம்மயக்கத்துக்கு மருந்து.

உறுதியை அடுத்து வருவன நீதிமன்றத்தின் மரணசாதன வழக்குகள். இறந்தவர் மரணசாதனம் எழுதினாலும் எழுதாவிடினும், போதிய ஆதனம் இருப்பின், அதனை நிருவகிக்கும் அதிகாரத்தை மாவட்ட நீதிமன்றிற் பெறுதல் வேண்டும். 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டம் இதற்கு ஒழுங்கு வகுத்தது. விதவையோ மூத்த மகனோ மனுச்செய்வர். ஏனைய உரித்தாளர் எதிர்மனுதாரராகப் பெயர் குறிக்கப்படுவர். எதிர்மனுதாரர் என்பதாற் பகைவர் எனக் கொள்ளற்க; பெரும்பாலும் ஒரே வீட்டிற் படுத்துறங்கும் பிள்ளைகளே அவர்கள். மணமான பெண்ணின் பெயரோடு அவள் கணவன் பெயரும், பராயமடையாதவர் பெயரோடு அவர்க்காகத் தோன்றும் பாதுகாவலர் பெயரும் வரும். ஆட்சேபமுடையோர் இன்ன நாளில் மன்றில் தோன்றுக என்னும் கட்டளை செய்தித்தாளில் விளம்பரமாகும். அவ்விளம்பரமே இருபது முப்பது வரிகளில் அடங்கிய குடிவழிப் பட்டியலெனத் தகும்.

ஆனால் இங்குமோர் பொறி உண்டு. சீதனம் பெற்று மணந்த மகள், பெற்றோரின் எஞ்சிய ஆதனத்திற் பங்கு கோர முடியாதென்பது பழைய தேசவழமை. எனவே மரணசாதன வழக்கில் ஆண்மக்கள் மூவர் பெயரை மட்டும் கண்டு, அவர்க்குச் சகோதரிகள் இல்லையென முடிவு கட்டுதல் ஆகாது. சகோதரிகள் இருந்தனர், சீதனம் பெற்றுப் போயினர், ஆகையாற் பட்டியலில் இலர். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் யாழ்ப்பாணத்தார் உரித்துமுறையை மாற்றியமைத்தபோதிலும், அதற்கு முற்பட்ட வழக்குகளை வாசிப்பவர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். சீதனமின்றி மணம் நிகழாத நாட்டில், உரித்தாளர் பட்டியலில் மணமான மகள் இல்லாதிருத்தல் இல்லாமைக்குச் சான்றாகாது. சீதன உறுதியொன்று எங்கோ உண்டென்பதற்கே குறிப்பாகும்.

செய்தித்தாட்களின் வரலாறு தனிக்கட்டுரைக்குரியது. உதயதாரகை 1841ஆம் ஆண்டு சனவரி 7ஆந் திகதி, தமிழும் ஆங்கிலமுமாக அமெரிக்க மிஷனால் வெளியிடப்பட்டது. கத்தோலிக்கர் 1876ஆம் ஆண்டிற் சத்தியவேத பாதுகாவலனையும், சைவ பரிபாலன சபையார் 1889ஆம் ஆண்டில் இந்து சாதனத்தையும் தொடங்கினர். முதற்பக்கங்களில் இவை ஒன்றையொன்று கண்டித்தன. கடைசிப் பக்கங்களில் மதபேதம் காணப்படுவதில்லை. நீதிமன்ற விளம்பரத்தைச் சைவப் பத்திரிகையும் ஏற்றது. கிறிஸ்தவப் பத்திரிகையும் ஏற்றது. எனவே கிறிஸ்தவக் குடும்பத்தின் வரலாற்றை இந்து சாதனத்திலும், சைவக் குடும்பத்தினதை உதயதாரகையிலும் தேடுதல் தகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி மலாய் நாட்டுக்கு உத்தியோகம் நாடிச் சென்றவர்களின் மரணச் செய்தி ஊர்ப் பத்திரிகையிலேதான் உறவினர்க்குத் தெரிந்தது. புகைவண்டிப் பகுதியிலோ தோட்டத்திலோ வேலைபார்த்து அங்கேயே மடிந்தவர்க்கு ஊரில் எஞ்சிய ஒரே எழுத்துச் சுவடு சில வேளைகளில் அந்த நான்கு வரியே.

அமெரிக்க மிஷன் 1816ஆம் ஆண்டு தெல்லிப்பழையிலே பணி தொடங்கியது. 1823ஆம் ஆண்டு வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824ஆம் ஆண்டு உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையும் நிறுவப்பட்டன. மாணாக்கரின் செலவை ஏற்ற அமெரிக்க நன்கொடையாளர் தாம் விரும்பிய பெயரை அவர்கட்கு இடுவித்தனர். தேவாலய இடாப்பில் மீண்டும் இருபெயர்ச் சிக்கல் தலைகாட்டியது. இம்முறை போர்த்துக்கேயப் பெயர்க்குப் பதிலாக நியூ இங்கிலாந்துப் பெயர். பாவலர் சரித்திர தீபகம் (1886) எழுதிய சதாசிவம்பிள்ளை மிஷன் ஏடுகளில் ஆர்ணல்ட். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான விசுவநாதபிள்ளை கறோல். உதயதாரகையின் முதலாசிரியர் இருவரும் ஹென்றி மாட்டின், சேத் பேசன் எனப்பட்டனர். பெயரை மட்டும் நோக்குவோர் இவர்களை அமெரிக்கரெனவே கொள்வர். இருவரும் யாழ்ப்பாணத் தமிழர்.

விசுவநாதபிள்ளையுடன் பட்டம்பெற்ற மற்றவரான சி. வை. தாமோதரம்பிள்ளையின் குடும்பம் இவ்வாராய்ச்சிக்கு நல்ல எடுத்துக்காட்டு. சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டு பிறந்து, வட்டுக்கோட்டையிற் கற்று, வீரசோழியம், கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்து 1901ஆம் ஆண்டு மறைந்த அவர், பிற்காலத்திற் சைவராகவே வாழ்ந்தார். அவர் மகன் அழகசுந்தரமோ கிறிஸ்தவ குருவாகிப் பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்னும் பெயரால் அறியப்பட்டார். ஒருவர் புகழைச் சைவ உலகமும், மற்றவர் பெயரைத் திருச்சபை ஏடும் பேணின. தாமோதரம்பிள்ளை என்னும் பெயரையே பற்றிக்கொண்டு தேவாலய இடாப்பைப் புரட்டுபவர் மகனைக் காணமாட்டார். கிங்ஸ்பெரி என்னும் பெயரைக் கொண்டு சிறுப்பிட்டியில் வினவுபவர் தந்தையைக் காணமாட்டார். மதத்தின் வழியே சென்றால் குடும்பம் இரண்டாகப் பிரிந்துவிடும். உறவின் வழியே சென்றால் ஒன்றாயிருக்கும்.

சைவர் தாமே எழுதிவைத்த சான்று ஒன்றும் இல்லாமலில்லை. இறந்தவர்க்கு முப்பத்தோராம் நாளில் அந்தியேட்டியை ஒட்டி வெளியிடப்படும் கல்வெட்டு அதுவாகும். அதில் இறந்தவரின் பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தார், கொண்ட இடம், கொடுத்த இடம் முதலியன பாட்டாகவும் உரையாகவும் வரும். புகழ்ச்சியைக் கழித்துப் படித்தால் உறவுமுறை எஞ்சும். திதி வெண்பா இறந்த ஆண்டு, மாதம், பக்கம், திதி என்பவற்றைத் தவறாது கூறும். ஆனால் ஆண்டு அறுபதாண்டு வட்டத்துப் பெயராற் கூறப்படும். விரோதி வருடம் என்றிருப்பின் அது 1829ஆம் ஆண்டிற் பிறந்ததாகவும் இருக்கலாம், 1889ஆம் ஆண்டிற் பிறந்ததாகவும் இருக்கலாம். அச்சிட்ட கல்வெட்டில் இவ்வையம் எளிதில் தீரும். ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதிய பழைய பாட்டில் தீர்வதரிது. அங்கே மரணசாதன வழக்கின் இலக்கமும் பத்திரிகையின் திகதியும் துணைநிற்கும். ஒன்றன் குறையை ஒன்று நிரப்புதலே இச்சான்றுகளின் பயன். தனித்து நிற்கும் எதனையும் முற்றாக நம்புதல் தகாது.

இவ்வாறு தேடுவதற்குரிய சான்றுகள் எத்துணை எஞ்சின? 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏட்டுச்சுவடிகளும் பழைய பத்திரிகைகளும் சாம்பலாயின. கோட்டையினுள்ளே 1706ஆம் ஆண்டு ஒல்லாந்தர் கட்டிய தேவாலயம் 1990ஆம் ஆண்டுப் போரில் அழிந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது, பல வீடுகளில் உறுதிப் பெட்டி முதலில் தூக்கப்பட்டது. பல வீடுகளில் அது மறக்கப்பட்டது. எஞ்சிய ஒல்லாந்தர் கால ஆவணங்கள் கொழும்புத் தேசிய சுவடிக்கூடத்திலும் நெதர்லாந்தில் ஹேக் நகரத்திலும் உள்ளன. பழைய பத்திரிகைகளும் கல்வெட்டுகளும் 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகத் திட்டத்தாரின் முயற்சியால் மின்வடிவிற் சேர்க்கப்பட்டு, எவரும் எங்கிருந்தும் படிக்கக்கூடியனவாயுள்ளன. மாணாக்கர் விடுமுறையில் வீட்டுப் பெட்டியைத் திறந்து, உறுதிகளின் இலக்கம், திகதி, நொத்தாரிசு பெயர் என்பவற்றை ஒரு கொப்பியிற் பெயர்த்தெழுதினாலும் அது பெருந்தொண்டாகும்.

இதுகாறும் கூறியவை காணியுடையோர் வரலாறு. காணியில்லாதவர்க்கு உறுதியில்லை, மரணசாதன வழக்கில்லை, பத்திரிகை விளம்பரமில்லை. அவர்களுள்ளும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தோர் நிலை வேறு. தேசவழமைக் கோவையில் அடிமைகளுக்கென்று ஒரு பகுதியே உண்டு. அவர்கள் சொத்தாகக் கருதப்பட்டனர்; சீதனமாகவும் கொடுக்கப்பட்டனர். பழைய சீதன ஏடுகளிலே காணியும் நகையும் எண்ணப்படும் வரிசையில் ஆளின் பெயரும் வருதல் உண்டு. அப்பெயருக்குத் தந்தை பெயர் வேண்டப்படவில்லை; எவர்க்குரியவர் என்பதே வேண்டப்பட்டது. ஆங்கிலேயர் காலத்தில் 1806ஆம் ஆண்டிலும் 1818ஆம் ஆண்டிலும் அடிமைகளைப் பதிவுசெய்யவேண்டுமென விதிகள் பிறந்தன. உரிமையாளர் தம் உடைமையை நிலைநாட்டவே பதிந்தனர். 1821ஆம் ஆண்டு விதி, யாழ்ப்பாணத்து அடிமைகளாயிருந்த வகுப்பினருக்குப் பிறக்கும் பெண்குழந்தைகளை அரசாங்கம் விலைகொடுத்து விடுவிக்க வழிசெய்தது. 1844ஆம் ஆண்டு அடிமைமுறை சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது.

எந்தப் பிரபுவின் பரம்பரை என்று பெருமையுடன் சீதன ஏட்டை விரித்துப் படிப்போர், அவ்வரிசையில் ஆளின் பெயர் வரும் இடத்தை விரைந்து கடத்தல் இயல்பு. ஆராய்ச்சியாளர் அங்ஙனம் கடத்தலாகாது. அப்பெயரையும் ஊரையும் திகதியையும் பெயர்த்தெழுதி வைத்தல் வேண்டும். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பெயர்கள் மிஷன் பாடசாலை இடாப்பிலும், 1867ஆம் ஆண்டின் பின்னர் அரசாங்கப் பிறப்புப் பதிவிலும் தந்தை பெயருடன் காணப்படுகின்றன. அதற்கு முற்பட்ட தம் முன்னோரை அவர்கள் வழிவந்தோர் எழுத்திலே தேடப்புகின், வேறொரு குடும்பத்தின் பெட்டியிலுள்ள சீதன ஏட்டைத் திறந்துகாட்டுமாறு கேட்கவேண்டியவராயிருக்கின்றனர்.